ஆஸ்கார் படுத்துவிட்டால்: கடலோர வீட்டில் சிக்லிட் வைத்தியம்

தொட்டியின் மூலையில், சிக்லிட் குடும்பத்து வளர்ப்பு மீனான ஆஸ்கார் ஒருக்களித்துக் கிடக்கிறது. நிறம் கறுத்திருக்கிறது. தீனி போட்டால் வாயில் வாங்கி, மென்று, துப்பிவிடுகிறது. உடனே கடைக்கு ஓடி நீல மருந்து ஒன்று, மஞ்சள் மருந்து ஒன்று, பெயர் தெரியாத பொடி ஒன்று என மூன்றையும் வாங்கிவந்து அன்றிரவே தொட்டியில் கொட்டுவதுதான் கடலூரிலும் பாண்டியிலும் வழக்கமாக நடப்பது. காலையில் மீன் மிதந்தால் ‘நோய் முத்திப்போச்சு’ என்று முடித்துக்கொள்கிறோம். பல நேரம் அதைக் கொன்றது மூச்சுத்திணறல்.

காரணம் நம் ஊர்ச் சூடு. தண்ணீர் 25 டிகிரியில் இருக்கும்போது லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரைந்து நிற்கும். மே மாதம் மாடி வீட்டுத் தொட்டி 32 டிகிரியைத் தொட்டால் அது 7.3-க்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனின் தேவையோ கூடுகிறது. அடியில் அழுகும் தீனியும் கழிவும் தம் பங்கை வேறு இழுத்துக்கொள்ளும். இதன்மேல் ஃபார்மலின் கலந்த மருந்தை ஊற்றினால் மிச்சமும் குறையும். ஆகவே என்ன நோயாக இருந்தாலும் முதலில் காற்று, அடுத்து தண்ணீர், அடுத்து உப்பு. மருந்து கடைசியில்தான்.

முதல் ஒரு மணி நேரம்

காற்றுக்குமிழ் விடும் ஏர் ஸ்டோன் இன்னொன்று போடுங்கள். ஃபில்டரின் தண்ணீர் மேலிருந்து சலசலவென்று விழும்படி திருப்பிவையுங்கள். விளக்கை அணைத்துவிட்டுத் தீனியை நிறுத்துங்கள். கையளவு ஆஸ்கார் ஒரு வாரப் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும்.

பிறகு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். நீங்கள் செய்தது உதவியதா என்று சொல்லும் அளவுகோல் வீட்டில் இது ஒன்றுதான். ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைந்து மறுபக்கம் மூடியே இருந்தால் செவுளில் புழுவோ அடியோ இருக்கலாம். செவுள் சிவப்பாக இல்லாமல் பழுப்பாகத் தெரிந்தால், மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரைட் நச்சைச் சந்தேகியுங்கள்.

தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் இல்லாமல் சிக்லிட் வளர்ப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பி.பி.எம்.-க்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே இருந்தால் போதும். அமோனியா விஷயத்தில் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவும் முக்கியம். 30 டிகிரித் தண்ணீரில் பி.எச். 7 என்றால், மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இராது. பி.எச். 8 என்றால் ஏழெட்டுப் பங்கு நச்சாகிவிடும். கிட்டில் ஒரே பச்சை நிறம் தெரிந்தாலும், நம் ஊர்க் கடினமான போர் தண்ணீரில் அது பத்து மடங்கு கொடியது.

தண்ணீரெல்லாம் சரியாக இருந்து, மீனை நேற்றுதான் தொட்டி மாற்றினீர்கள் என்றால் பயப்படாதீர்கள். ஆஸ்காருக்குக் கோபம் வரும். இடம் மாற்றினால், கல்லை நகர்த்தினால்கூட ஓரிரு நாள் பக்கவாட்டில் படுத்து நாடகம் போடும். மூச்சு சீராக இருந்து, நீங்கள் அந்தப் பக்கம் போனதும் எழுந்து நீந்தினால் அதற்கு வைத்தியம் வேண்டாம்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது

அமோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் அன்றே பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றுகிற நேரத்தில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். வெயில் காலத்தில் மதியம் இரண்டு மணிக்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் குளிக்கவே முடியாத சூட்டில் வரும். காலை ஆறு மணிக்குப் பிடியுங்கள். பழைய தண்ணீருக்கும் புதியதற்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். குளோரின் நீக்கியைப் புட்டியில் சொன்ன அளவில் கலக்குங்கள். இல்லையென்றால் அகலமான டிரம்மில் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் வையுங்கள். புயல் மழைக்குப் பிறகு குளோரினைக் கூட்டிப் போடுவது வழக்கம். அந்த வாரங்களில் மூக்கை நம்பாமல் நீக்கியைப் பயன்படுத்துங்கள்.

கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி ஒருமுறை அளந்துவிடுங்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களுக்குக் கடினத் தண்ணீர் பிடிக்கும். நம் போர் அவற்றுக்கு வரம். அமேசான் பக்கத்து சிக்லிட்டான டிஸ்கஸுக்கு அப்படியில்லை. அதற்காக நோயாளி மீனைக் கேன் தண்ணீரில் போடாதீர்கள். அதில் தாதுச்சத்து மிகக் குறைவு, பி.எச். நிலைத்து நிற்காது. எந்தத் தண்ணீரில் மீன் பழகியதோ அதே தண்ணீர்தான் வைத்தியத்துக்கும் நல்லது. பி.எச்.-ஐ மாற்றுகிற வேலையெல்லாம் மீன் தேறிய பிறகு.

தனித்தொட்டி

நோயுற்ற மீனைத் தனியே வைக்க 24 × 12 × 12 அங்குலக் கண்ணாடித் தொட்டி போதும். அதுவும் இல்லையென்றால் 50, 60 லிட்டர் பிடிக்கும், சோப்பு படாத பிளாஸ்டிக் டப். மணல், கல், செடி எதுவும் வேண்டாம். அடி வெறுமையாக இருந்தால்தான் கழிசலின் நிறம் தெரியும், மிச்சத் தீனியை உறிஞ்சி எடுக்க முடியும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு தெர்மாமீட்டர், ஒளிந்துகொள்ள நாலங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு அல்லது கவிழ்த்துவைத்த மண்சட்டி. மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டுங்கள். மேலே வலை மூடி கட்டாயம். பயந்த சிக்லிட் குதிக்கும்.

ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் ஃபில்டருக்குள் ஒரு ஓரமாக ஓடவிட்டு வையுங்கள். நோய் வந்த அன்று புது ஸ்பாஞ்ச் போட்டால் அதில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா இராது. இரண்டே நாளில் அமோனியா ஏறும். பழகிய ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மீனைப் பிடிக்க வலை வேண்டாம். சிக்லிட்டின் முதுகுத்துடுப்பு முட்கள் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் துடுப்பு கிழியும். மாட்டிக்கொண்டால் வலையைக் கத்தரியுங்கள், மீனை இழுக்காதீர்கள். ஐந்து லிட்டர் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, மீனை அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு தூக்குவதே நல்லது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மீன் தொட்டியிலிருந்து மனிதத் தோலுக்கு வரும் பாக்டீரியா உண்டு, அது ஆற மாதக்கணக்காகும்.

உப்புக் கணக்கு

மளிகைக் கடைக் கல் உப்பே போதும். மரக்காணம் உப்பளத்திலிருந்து வருகிற கல் உப்பில் மண் இருக்கும். ஒரு பக்கெட்டில் கரைத்து, தெளியவிட்டு, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். கல்லாக அப்படியே போடக் கூடாது. ஆஸ்கார் அதைத் தீனி என்று வாயில் போட்டுக்கொள்ளும்.

கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுங்கள். முதலில் தொட்டியில் எத்தனை லிட்டர் என்று தெரிய வேண்டும். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர். நாலடித் தொட்டி, ஒன்றரை அடி அகலம், 16 அங்குலம் தண்ணீர் என்றால் 48 × 18 × 16 = 13,824; 61-ஆல் வகுத்தால் 226 லிட்டர். மணலும் கல்லும் கழித்தால் 200 என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் சொன்ன ‘முந்நூறு லிட்டர் டேங்க்’ கணக்கில் மருந்து போட்டால் ஒன்றரை மடங்கு விழுந்துவிடும்.

நைட்ரைட் நச்சுக்கும் சாதாரண அலுப்புக்கும் லிட்டருக்கு 1 கிராம். வெள்ளைப்புள்ளி, பூஞ்சை போன்றவற்றுக்கு 2 முதல் 3 கிராம். 200 லிட்டருக்கு 3 கிராம் என்றால் 600 கிராம். அதை 200 கிராமாகப் பிரித்து 12 மணி நேர இடைவெளியில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். 50 லிட்டர் மாற்றும்போது புதுத் தண்ணீருக்கான 150 கிராம் மட்டும் சேர்க்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதில் வெறும் தண்ணீர்தான். உப்பு ஆவியாகாது, இதை மறந்து தினமும் உப்புத் தண்ணீர் நிரப்புகிறவர்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். போர் தண்ணீரே கரிக்கிற வீடுகளில் குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். செடிகளுக்கு இந்த உப்பு ஆகாது, முன்பே எடுத்துவிடுங்கள்.

வெள்ளையாகத் தெரிவது எது

இங்கேதான் உயிர் போகும் தவறு நடக்கிறது. உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவியது போலத் தனித்தனிப் புள்ளிகள், மீன் கல்லில் உரசிக்கொள்கிறது என்றால் அது வெள்ளைப்புள்ளி நோய். உதட்டோரத்திலோ முதுகிலோ சாம்பல் பூசியது போல, ஓரம் தெளிவில்லாத படலம், வேகமாகப் பரவுகிறது என்றால் கொலும்னாரிஸ் என்ற பாக்டீரியா. பழைய காயத்தின்மேல் நூல்நூலாக நீட்டிக்கொண்டு தண்ணீரில் ஆடும் பஞ்சு என்றால் பூஞ்சை. கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மூன்றும் பிரிந்து தெரியும்.

வெள்ளைப்புள்ளிக்குச் சூட்டை 30 டிகிரிக்கு ஏற்றுவது நல்லது. ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி நாலைந்து நாளில் முடிந்து, நீந்தித் திரியும் பருவத்தில் உப்புக்கும் மருந்துக்கும் அகப்படும். கொலும்னாரிஸுக்கோ சூடுதான் தீனி. 30 டிகிரியில் அது இரண்டே நாளில் மீனை முடித்துவிடும். அதற்கு ஹீட்டரை அணைத்து, தண்ணீர்மேல் மேசை விசிறி வீசவிட்டு, உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மிதக்கவிட்டு 26 டிகிரிக்கு மெல்ல இறக்க வேண்டும், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். எது என்று புரியாத வரை ஹீட்டர் பக்கம் கையை வைக்காதீர்கள்.

வெள்ளைப்புள்ளிக்கு மட்டும் தனித்தொட்டி விதி பொருந்தாது. முட்டைப்பையாகி மணலில் விழுந்த ஒட்டுண்ணி பெரிய தொட்டியில்தான் இருக்கிறது. ஆகவே முழுத் தொட்டிக்கும் 3 கிராம் உப்பு, 30 டிகிரி, தினமும் அடிமணலை உறிஞ்சிச் சுத்தம். இரண்டாம் நாள் புள்ளிகள் கூடினால் கலங்க வேண்டாம். ஏற்கனவே தோலுக்குள் இருந்தவை வெளியே தெரிகின்றன. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது நாலு நாள், மொத்தம் பத்துப் பன்னிரண்டு நாள் தொடர வேண்டும். இந்த நோய் நம்மிடம் அதிகம் வருவது வெயிலில் அல்ல, ஐப்பசி முதல் மார்கழி வரை. பகலில் 29, விடியலில் 24 என்று தண்ணீர் ஏறி இறங்கும் மாதங்கள் அவை.

கொலும்னாரிஸுக்குத் தனித்தொட்டியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் குளியல் தரலாம். ஒரு கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, தொட்டி லிட்டருக்கு 2 மில்லி வீதம் ஊற்றுங்கள். மேலே சொன்ன தனித்தொட்டியில் 10 அங்குலம் தண்ணீர் என்றால் 47 லிட்டர்; அதற்கு 94 மில்லி. நான்கு மணி நேரம் இளஞ்சிவப்பு நிற்க வேண்டும், பிறகு முக்கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அரை மணியில் பழுப்பாகிவிட்டால் தண்ணீரில் அழுக்கு அதிகம் என்று அர்த்தம், மருந்து மீனுக்குப் போய்ச் சேரவில்லை. ஃபார்மலினோடு இதை ஒருபோதும் கலக்காதீர்கள். ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, பெரிய தொட்டிக்குள் போடாமல் தனி வாளியில் ஏர் ஓடவிட்டு வையுங்கள்; ஏர் ஸ்டோன் மட்டும் மருந்துத் தொட்டியிலேயே ஓடட்டும்.

பூஞ்சைக்கு 3 கிராம் உப்போடு மெத்திலீன் நீலம்: ஒரு சதவீதக் கரைசல் என்றால் 10 லிட்டருக்கு 1 மில்லி. இதுவும் ஃபில்டர் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால் தனித்தொட்டியில் மட்டும்.

காயம்

சிக்லிட் என்றாலே சண்டைதான். வாயோடு வாய் பூட்டி இழுக்கும், துடுப்பைக் கிழிக்கும், செதிலைப் பெயர்க்கும். பெரிய ஆஸ்கார் சூடான ஹீட்டர்மேல் சாய்ந்து விலாவில் நீளமாகச் சுட்டுக்கொள்வதும் உண்டு. ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் கூடு போடாத வீடுகளில் கோடு போட்டது போன்ற வெளிர் தழும்பைப் பார்க்கலாம்.

துடுப்புக் கிழிசலும் நாலைந்து செதில் போனதும் தாமாக ஆறும். அடித்த மீனிடமிருந்து பிரித்து, லிட்டருக்கு 1 அல்லது 2 கிராம் உப்பு, சுத்தத் தண்ணீர், அவ்வளவே. துடுப்பின் வேர் மிச்சமிருந்தால் ஓரத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு வளரத் தொடங்கும். அதைத் துடுப்பழுகல் என்று நினைத்து மருந்து போடுகிறவர்கள் நிறைய. வளரும் சவ்வின் விளிம்பு சீராக இருக்கும். அழுகும் துடுப்பின் விளிம்பு கந்தலாக, சிவந்து இருக்கும்.

சதை தெரியும் ஆழமான காயத்துக்குத்தான் கைவைத்தியம். எல்லாவற்றையும் முதலில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்: 5 சதவீதப் பொவிடோன் அயோடின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெளிர் தேநீர் நிறத்தில், காது குடையும் பஞ்சுக்குச்சி, தொட்டித் தண்ணீரில் நனைத்த மெல்லிய துண்டு. எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட மீன் திமிறும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்தமான கிராம்பு எண்ணெயில் லிட்டருக்கு ஒரு சொட்டு கணக்கில் பத்துச் சொட்டை, சின்னப் புட்டியில் எடுத்த வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுப் பால்போல் ஆகும்வரை குலுக்கி, பத்து லிட்டர் பக்கெட்டில் கலந்தால் சில நிமிடங்களில் மீன் சாயும். செவுள் மெதுவாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றி, ஏர் ஸ்டோன் பக்கம் வாயைக் காட்டிப் பிடியுங்கள்.

ஈரத்துண்டில் மீனைக் கிடத்தி, கண்ணை அதே துண்டால் மூடுங்கள். தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்கட்டும், மருந்து செவுளுக்குள் வழியக் கூடாது. காயத்தை மட்டும் இரண்டு தடவை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தண்ணீருக்கு வெளியே மொத்தம் ஒரு நிமிடம். தினமும் செய்தால் பிடிக்கிற கலவரமே மீனைக் கெடுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், அதிகம் மூன்று தடவை போதும். உதடு கிழிந்த மீனுக்கு உருண்டைத் தீனி வேண்டாம். உரித்து, உறையவைத்து, பிறகு பொடியாக நறுக்கிய இறால் கொடுங்கள்.

தலையில் குழி

ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன், டிஸ்கஸ் மூன்றுக்கும் வரும். கண்ணைச் சுற்றி இருபக்கமும் ஒரே அளவில், ஒரே வரிசையில் இருக்கும் சிறு துளைகள் நோய் கிடையாது. அதிர்வை உணர மீனுக்கு இயற்கை கொடுத்தவை. அவற்றில் ஒன்றிரண்டு பெரிதாகி, வெள்ளைக் கசிவோடு, ஓரம் தேய்ந்து ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் கவலை. கூடவே வெள்ளை நூல் போன்ற கழிசல், வயிறு ஒட்டல், பசியின்மை இருந்தால் குடலில் ஒருசெல் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம்.

நைட்ரேட் ஏறிய பழைய தண்ணீரும் ஒரே மாதிரித் தீனியும் இதற்குத் துணைபோகின்றன. வெறும் கோல்ட்ஃபிஷ் குஞ்சுகளைத் தின்று வளரும் ஆஸ்காருக்கு பி-1 வைட்டமின் குறைபாடும் சேரும். கோல்ட்ஃபிஷ் சதையில் அந்த வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. மருந்து இல்லாமலே, வாரம் இருமுறை நாற்பது சதவீதம் தண்ணீர் மாற்றி, நல்ல உருண்டைத் தீனிக்கு மாற்றினாலே ஆரம்பக் குழிகள் மூடிக்கொள்ளும்.

கழிசல் வெள்ளையாக இருந்தால் மெட்ரோனிடசோல். மீன் தின்கிறதென்றால் தீனியில் கொடுப்பதே சிறந்தது: 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து, 40 கிராம் அரைத்த இறாலும் உருண்டைத் தூளும் சேர்த்து, ஜெலட்டினில் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஏழு நாள், நாளுக்கு ஒருவேளை, வேறு தீனி கிடையாது. தின்னவில்லை என்றால் 47 லிட்டர் தனித்தொட்டிக்கு ஒரு மாத்திரை. பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் 30 சதவீதம் மாற்றிவிட்டு மறுதவணை. மொத்தம் மூன்று முதல் ஐந்து. ஃபில்டரில் கரித்தூள் (கார்பன்) இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது குடித்துவிடும். இது சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை அல்ல. புதுச்சேரிப் பக்கம் குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆன்டிபயாடிக் தேவைப்படும் நிலை என்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். மீனின் படம், தொட்டி அளவு, டெஸ்ட் அளவுகள் மூன்றையும் கொண்டுபோங்கள்.

வயிறும் கண்ணும்

மலாவி மீன்களில் பல பாசி தின்னிகள். ஆசைக்கு அவற்றுக்கு ரத்தப்புழுவும் இறாலும் போட்டால் வயிறு உப்பும். பட்டினி போட்டு, 20 லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்). வெள்ளைக் கழிசல் இருந்தால் மேலே சொன்ன மாத்திரை. வயிறு உப்பியதோடு செதில்கள் பலாக்காய் போல விரிந்து நின்றால் உள்ளுறுப்பு கெட்டுவிட்டது, பெரும்பாலும் பிழைக்காது. ஒரு கண் பிதுங்கினால் அடி, இரண்டும் பிதுங்கினால் தண்ணீரோ உள்நோயோ. அடி என்றால் அதே எப்சம் உப்பும் இருட்டும் இரண்டு வாரமும் போதும்.

பிழைக்காத மீனைக் கழிவறையிலும் ஃபிரீஸரிலும் போடாதீர்கள். அதே கிராம்பு எண்ணெய், லிட்டருக்குப் பத்துச் சொட்டு. செவுள் நின்றபின் இன்னும் அரைமணி அதிலேயே விட்டுவிட்டுப் புதையுங்கள்.

கரன்ட் போனால்

2011 டிசம்பர் 30-ல் தானே புயலிலும் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலிலும் இந்தக் கரை பட்டதை நினைத்தால், பேட்டரி ஏர் பம்ப் ஆடம்பரமில்லை என்பது புரியும். நாலைந்து வாட் இழுக்கும் ஏர் பம்பை இன்வர்ட்டர் நாள் முழுக்கத் தாங்கும். பெரிய ஃபில்டரை விட்டுவிட்டு அதை மட்டும் இணையுங்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே போடாதீர்கள். உள்ளே தேங்கியது அழுகி நாறும். அதைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

திரும்ப விடும்போது

தேறிய மீனை நேராகப் பழைய தொட்டியில் விட்டால் முன்பு அடித்ததே மறுபடி அடிக்கும். தேறிய மீன் இல்லாத வாரங்களில் முழுத் தொட்டியும் அடித்த மீனின் சொத்தாகிவிட்டது. முதலில் கல், சட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். நடுவில் பிளாஸ்டிக் கிரில் தடுப்பு வைத்து, விளக்கணைத்த பிறகு மீனை மறுபக்கம் விடுங்கள். ஒரு வாரம் கழித்து, இரண்டுக்கும் வயிறாரத் தீனி போட்டுவிட்டு, நீங்கள் வீட்டிலிருக்கும் நாளில் தடுப்பை எடுங்கள். செவுளை விரித்து வாலாட்டினால் பரவாயில்லை, விட்டுப் பாருங்கள். வாய் பூட்டினாலோ ஒன்று மேல்மூலையில் செங்குத்தாக ஒண்டினாலோ தடுப்பைத் திரும்ப இறக்கிவிடுங்கள். அந்த ஜோடிக்குத் தடுப்பு நிரந்தரம்.